தும்பிச் செட்டை வைத்த கப்பல்

எங்கட வீட்டில் ரீவிக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. 40 சென்ரிமீற்றர் நீளம். முன்னுக்கு ஒரு ரேபிள் ரெனிஸ் பந்து. அதுக்குப் பின்னால நாலு கண் மருந்துப் போத்தல். அதுக்கும் பின்னால நுளம்பு வலையில் செய்த இரண்டு நீளச் செட்டை. வீட்டுக்கு வாற ஆக்கள் முதலில் கேட்பது "இது என்ன?" என்று. விண்கலம் என்றால் இரண்டாவது கேள்வி "எந்தப் படத்தில வந்தது?" படத்தில் வரவில்லை, புத்தகத்தில்தான் இப்படி வந்தது என்று சொன்னால் மூன்றாவது கேள்வி வராது. கதை தேத்தண்ணிப் பக்கம் போய்விடும்.

யாரும் கேட்காத அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

2019இல் மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் ஆர்தர் சி. கிளார்க்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' கிடைத்தது. அட்டை கிழிந்து, முதல் பக்கத்தில் யாரோ கணக்குப் போட்டிருந்த பிரதி. கிளார்க் எங்களுக்குப் புதிய ஆள் இல்லை. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் சாகும்வரை கொழும்பில் இருந்தவர். திருகோணமலை ஆக்களுக்கு அவரைத் தெரிந்தது வேறு வழியில். கோணேசர் மலையடிக் கடலுக்குள் அவரும் மைக் வில்சனும் முக்குளித்துப் பழைய கோயிலின் தூண்களைக் கண்ட கதையை எங்கட அப்பப்பா அடிக்கடி சொல்லுவார். "சந்திரனுக்குப் போற கதை எழுதின வெள்ளைக்காரன்" என்பதுதான் அவர் வைத்திருந்த பெயர். அந்த ஆள் எழுதின புத்தகம் எண்டுதான் வாங்கினேன். படத்தை அதற்கு முதலே கொம்பியூட்டரில் பார்த்திருந்தேன், பாதியில் நித்திரை கொண்டும் இருந்தேன்.

புத்தகத்தை அகராதியோடு வாசித்துக்கொண்டு போகும்போது டிஸ்கவரி கப்பலை வர்ணிக்கிற இடம் வந்தது. அதில் நின்றுவிட்டேன். படத்தில் நான் பார்த்த டிஸ்கவரி வேறு. ஒரு வெள்ளை உருண்டை, நீளமான முள்ளந்தண்டு, கடைசியில் இயந்திரம். அவ்வளவுதான். புத்தகத்தில் உள்ள டிஸ்கவரி கிட்டத்தட்ட 400 அடி நீளம். ஆட்கள் இருக்கிற உருண்டை 40 அடி விட்டம். அதன் பின்னால் திரவ ஐதரசன் நிரப்பிய நாலு பெரிய தாங்கி. அவற்றுக்குப் பின்னால் V வடிவில் நீண்டு போகிற இரண்டு பெரிய செட்டைகள். அந்த V முடிகிற இடத்தில், ஆட்களிடமிருந்து 300 அடி தள்ளி, அணு உலை. போகிற இடமும் வேறு. படத்தில் வியாழன், புத்தகத்தில் சனி. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் காட்டச் சரிவரவில்லை என்றுதான் படக்காரர் வியாழனோடு நின்றார்கள். 1982இல் '2010' நாவலை எழுதும்போது கிளார்க் தன்ர சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே எடுத்துக்கொண்டார். சொந்தப் புத்தகத்தைச் சொந்தக்காரனே கைவிட்ட மாதிரி எனக்குப் பட்டது.

செட்டை ஏன் என்று கேட்டால், அது பறக்க இல்லை. அணு உலை சூடாகும். மோட்டார்சைக்கிள் என்ஜினில் வரி வரியாகத் தகடு இருக்கிறதே, அது சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கத்தான். விண்வெளியில் காற்று இல்லை, தண்ணி இல்லை. சூடு வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. அதற்குப் பெரிய பரப்பு வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் படங்களைப் பார்த்தால் சூரியத் தகடுகளுக்குக் கிட்ட வெள்ளையாக மடிப்பு மடிப்பாக வேறு தகடுகள் தெரியும். அவை அந்த வேலைக்குத்தான், உள்ளே அமோனியா ஓடுகிறது. கிளார்க் 1968லேயே கணக்காக அதை எழுதிவிட்டார். படத்தில் ஏன் இல்லை என்றால், பார்க்கிற சனம் அதைச் சிறகு என்று நினைக்கும், காற்றில்லாத இடத்தில் சிறகு எதற்கு என்று குழம்பும் என்று விட்டுவிட்டார்களாம். ஸ்ரான்லி குப்ரிக் மாதிரி ஒரு மனிசன் சனத்துக்காக இறங்கிப்போன இடம் இது ஒன்றுதானோ தெரியாது. எனக்கு அவர் பிழை விட்ட மாதிரித்தான் படுகிறது.

ஆக, உலகம் முழுக்கத் தெரிந்த டிஸ்கவரி செட்டை இல்லாத டிஸ்கவரி. படத்துக்காகச் செய்த பெரிய மாதிரி 54 அடி நீளம், எங்கட வளவுக்குள் அடங்காது. படம் முடிந்த பிறகு அந்த மாதிரிகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. 1984இல் '2010' படம் எடுக்கும்போது பழைய படச்சுருளைப் பெருப்பித்துப் பார்த்துத்தான் டிஸ்கவரியைத் திரும்பச் செய்தார்கள். அழியாமல் தப்பின ஒன்று, சந்திரனில் இறங்குகிற உருண்டைக் கலம், 2015இல் ஏலத்துக்கு வந்தது. ஒஸ்கார் விருது கொடுக்கிற அகடமி அதை 344,000 டொலருக்கு வாங்கியது. மோபியஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி 1/144 அளவில் டிஸ்கவரி கிற் ஒன்று விற்கிறது. தபால் செலவோடு விலை பார்த்தேன், என் சம்பளத்தில் அரைவாசிக்கு மேல். அதுவும் படத்தின் டிஸ்கவரிதான். காசு இருந்தாலும் என்ர கப்பல் கடையில் இல்லை.

நாவல்களில் வாற கப்பல்களுக்கு இதுதான் விதி. யூல்ஸ் வேர்ண் நொட்டிலஸை 70 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், இரண்டு நுனியும் கூரான சுருட்டு வடிவம் என்று கணக்காக எழுதி வைத்தார். (அந்த நொட்டிலஸ் மன்னார் முத்துக்குளிப்புப் பக்கமும் வந்துபோகும், தெரியாத ஆக்கள் தேடி வாசியுங்கோ.) 1954இல் டிஸ்னி படம் வந்து அதற்கு முள்ளும் செதிலும் வைத்தது. இப்ப நொட்டிலஸ் என்றால் எல்லாருக்கும் அந்த முள்ளு மீன்தான். டக்ளஸ் அடம்ஸின் 'ஹார்ட் ஒஃப் கோல்ட்' புத்தகத்தில் 150 மீற்றர் நீளமான வெள்ளைச் சப்பாத்து மாதிரி இருக்கும். 2005 படத்தில் அதை உருண்டையாக்கிவிட்டார்கள். பாட்டா சப்பாத்து ஒன்றுக்கு வெள்ளை பெயின்ற் அடித்தாலே புத்தகத்துக்கு விசுவாசமான மாதிரி வந்துவிடும் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஒருத்தரும் சிரிப்பதில்லை.

இனி அளவுக் கணக்கு. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. ரேபிள் ரெனிஸ் பந்து 40 மில்லிமீற்றர் விட்டம். (2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் வரைக்கும் 38தான். பள்ளிக்கூட விளையாட்டு அறையில் கிடந்த பழைய பந்தில் அளந்து குழம்பினேன்.) 40 அடி உருண்டை 40 மில்லிமீற்றர் ஆனால் ஒரு அடி ஒரு மில்லிமீற்றர், கிட்டத்தட்ட 1/305. அப்ப 400 அடிக் கப்பல் 40 சென்ரிமீற்றர். இதைவிட வசதியான அளவு கிடைக்குமா? ஆள் ஒருவர் ஐந்தரை மில்லிமீற்றர், சின்ன எறும்பளவு. கப்பலுக்குள் இருக்கிற மூன்று குட்டிக் கலங்கள் ஒன்பது ஒன்பது அடி, அதாவது 9 மில்லிமீற்றர் மணி மூன்று. அக்காவின் அறுந்த மாலையில் இருந்து எடுத்தேன். உருண்டைக்குள் ஆட்கள் நடப்பதற்காகச் சுழலுகிற 35 அடிச் சக்கரம் ஒன்று உண்டு. பத்து விநாடிக்கு ஒரு சுற்று, சந்திரனில் இருக்கிற அளவு ஈர்ப்பு கிடைக்கும். அதையும் மட்டையில் 35 மில்லிமீற்றர் வளையமாக வெட்டிப் பந்தை இரண்டாகப் பிளந்து உள்ளே ஒட்டினேன். திரும்ப மூடியபிறகு அது யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்.

நாலு தாங்கிக்குத்தான் கஷ்டப்பட்டேன். இரண்டிரண்டாக அடுக்கினால் பந்தின் அகலத்துக்குள் நிற்க வேண்டும், அப்படியென்றால் ஒவ்வொன்றும் 20 மில்லிமீற்றர். பேனா மூடி சிறிசு. ஸ்ரூடியோவில் கிடந்த பழைய பிலிம் டப்பா பெரிசு. ஒரு நாள் அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுவிட்டுப் போத்தலை மேசையில் வைத்தார். ஸ்கேலை எடுத்து அளந்தேன், சரியாக 20. அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம், மாதம் ஒரு போத்தல். "முடிஞ்சா எறியாதேங்கோ, எனக்கு வேணும்" என்றேன். "வெறும் போத்தலுக்கு இப்பிடி நிண்டு கேக்கிற பிள்ளையை நான் காணேல்லை" என்றார்.

போத்தல் சேரும்வரை மற்ற வேலை. விண்கல மாதிரிகளின் மேலே குழாய், பெட்டி, மூடி என்று சின்னச் சின்னச் சாமான்கள் ஒட்டியிருக்கும். அவை இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கப்பலும் சவர்க்காரக் கட்டி மாதிரித்தான் தெரியும். '2001' படத்துக்கு மாதிரி செய்த ஆக்களும், பிறகு 'ஸ்ரார் வோர்ஸ்' ஆக்களும் கடையில் விற்கிற பிளாஸ்ரிக் கிற்றுகளை வாங்கிப் பிரித்து அந்தத் துண்டுகளைத்தான் ஒட்டினார்கள். பெரும்பாலும் யுத்த தாங்கி, யுத்த விமானம், யுத்தக் கப்பல் கிற்றுகள். சில்லுகளும் பீரங்கி மூடிகளும் அப்படியே விண்வெளிக்குப் போய்விட்டன.

2021 கார்த்திகையில் வேலை விஷயமாகக் கொழும்பு போனபோது புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் கடை கடையாக ஏறினேன். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு கிற்றுகளே அரிது. கடைசியில் ஒரு கடையில், மேல் தட்டில், மூலை நசுங்கின ஒரு பெட்டி இருந்தது. மிராஜ் 3, 1/72. பெட்டி நசுங்கியபடியால் அரை விலை. எனக்கு விமானம் தேவையில்லை, உள்ளே இருக்கிற துண்டுகள்தான் தேவை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன்.

காலையில் பையைப் பிரித்துச் சாமான்களை மேசையில் வைத்தேன். அம்மா பெட்டியைக் கண்டார். மேலே முக்கோணச் செட்டையோடு விமானம் சரிந்து திரும்புகிற படம்.

"உது கிபிர் எல்லோ?"

"இல்லையம்மா, இது மிராஜ். பிரான்சுக்காரன்ர."

"கிபிர்தான் தம்பி. எனக்குத் தெரியாதே?"

அதுக்கு மேலே ஒன்றும் சொல்லவில்லை. நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டு மேலே ஒரு பேப்பர் மூடியிருந்தது.

2006 சித்திரையில் நாங்கள் உவர்மலையில் இருந்தோம். குண்டு விழுந்தது குடாவுக்கு அந்தப் பக்கம், சம்பூர்ப் பக்கம். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான். ஆனால் அந்தச் சத்தம் வரும்போது அம்மா என்னையும் அக்காவையும் கட்டிலுக்குக் கீழே தள்ளித் தானும் வந்து படுப்பார். எனக்கு அப்ப பதினொரு வயது. கட்டிலுக்குக் கீழே கிடந்த சூட்கேஸின் பூட்டைத்தான் எனக்கு ஞாபகம். அம்மாவோ ஒரு தரம் முற்றத்தில் நின்று அண்ணாந்து அதைக் கண்டிருக்கிறார். முக்கோணம்.

அன்றிரவு தேடிப் பார்த்தேன். கிபிர் என்பது மிராஜ் 5இன் உடலை எடுத்து, அமெரிக்க என்ஜின் பொருத்தி, இஸ்ரேல் செய்தது. மிராஜ் 5 என்பது மிராஜ் 3இல் இருந்து வந்தது. எல்லாம் ஒரே குடும்பம். அம்மா சொன்னது சரி, பெயர்தான் வேறு. பன்னிரண்டாயிரம் அடி தூரத்தில் போனதை இவர் ஒரு கண்ணில் அழுத்தம் உள்ள ஆள் அடையாளம் பிடிக்கிறார். நான் வருஷக்கணக்காக மாதிரி விமானம், அளவு, விகிதம் என்று வாசிக்கிற ஆள், பெட்டியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அரை விலை என்பது மட்டும்தான் தோன்றியது.

பெட்டி அலுமாரிக்குள் போனது. இரண்டு மாதம் நான் அதைத் தொடவில்லை.

இதற்கிடையில் 2022. மின்வெட்டு பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு நாள் பந்துக்கு லாக்கர் பெயின்ற் அடித்தேன். விடியப் பார்த்தால் பந்து ஒரு பக்கம் உள்ளே போய், பழைய மாம்பழம் மாதிரி. தின்னர் அந்தப் பிளாஸ்ரிக்கைத் தின்றுவிடும் என்று பெயரிலேயே இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. சக்கரம் உட்பட எல்லாம் திரும்ப. இரண்டாவது பந்துக்கு முதல் வெள்ளைப் பசை மூன்று பூச்சு, அதன் மேல் தண்ணியில் கரைகிற அக்ரிலிக். செய்யப் போகிற ஆக்கள் இதை மட்டும் ஞாபகம் வையுங்கோ.

மூன்றாவது போத்தலோடு மருந்து நின்றுபோனது. திருகோணமலையில் ஒரு பார்மசியிலும் இல்லை. "டொலர் இல்லை தம்பி, சாமான் வரேல்லை" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். பெற்றோல் இல்லை, சைக்கிளில் அலைந்தேன். கண் அழுத்தத்துக்கு மருந்தை நிற்பாட்டக் கூடாது. வலிக்காது, ஒன்றும் தெரியாது, பார்வை ஓரத்தில் இருந்து மெல்லப் போகும், போனது திரும்ப வராது. அம்மா கடைசிப் போத்தலை இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை விட்டு மிச்சம் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஏசினேன். "நீயும் போத்தல் எப்ப முடியும் எண்டு பாத்துக்கொண்டெல்லோ இருந்தனி" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பத்து நாளுக்குப் பிறகு வெள்ளவத்தையில் இருக்கிற நண்பன் ஒருவன் மூன்று மடங்கு விலைக்கு இரண்டு போத்தல் தேடிப் பிடித்து, இரவு பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிட்டான். விடிய நாலரைக்கு பஸ் நிலையத்தில் நின்று வாங்கினேன். அது வேறு கொம்பனி மருந்து, போத்தல் சதுரம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலாவது தாங்கியை மட்டையைச் சுருட்டிச் செய்தேன். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், தெரியட்டும்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் அலுமாரியைத் திறந்து மிராஜை எடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒளித்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சில்லு வைக்கிற பள்ளத்தின் மூடிகள், விமானி இருக்கை, என்ஜின் வாய், குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து முள்ளந்தண்டில் ஒட்டினேன். என்ஜின் வாய் அணு உலைப் பக்கம் போனது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செட்டை எங்க வைக்கப் போறாய்?"

"அது தேவையில்லை அம்மா. இதுக்கு வேற செட்டை."

வேறு செட்டைதான் எனக்கு ஆறு தரம் பிழைத்தது. மட்டையில் வெட்டினால் பாரத்தில் தொய்கிறது. ஈர்க்குச் சட்டம் கட்டினால் காய்ந்து வளைகிறது. பழைய சோக்கில் இருந்து செப்புக் கம்பி எடுத்துச் சட்டம் வளைத்து, அதன் மேல் கிழிந்த நுளம்பு வலையை இழுத்து ஒட்டினபோதுதான் நின்றது. புத்தகத்தில் அந்தச் செட்டை முழுக்க மெல்லிய குழாய் ஓடும், குளிராக்குகிற திரவம் போவதற்கு. வலையின் கண்கள் 1/305இல் அச்சாகக் குழாய் மாதிரியே இருந்தன. சாம்பல் பூசி வெயிலில் காய வைத்தேன். அம்மா உடுப்புக் காயப் போட வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "தும்பியின்ர செட்டை மாதிரி எல்லோ கிடக்கு" என்றார்.

கிளார்க் அந்த இடத்தில் எழுதியிருக்கிற உவமையும் தும்பிதான். அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு சொல்லும் தெரியாது. உள்ளே ஓடிப்போய்ப் பக்கத்தை எடுத்து வந்து தமிழில் சொன்னேன். "அவரும் இஞ்ச இருந்தவர்தானே, தும்பி கண்டிருப்பார்" என்றுவிட்டு உடுப்புக்குக் கிளிப் போட்டார்.

இப்ப கப்பல் ரீவிக்குப் பக்கத்தில். தூசு தட்டுவது அம்மா. போன மாதம் தட்டும்போது அன்ரெனாக் கிண்ணம் கழன்று விழ, எனக்குச் சொல்லாமல் சுப்பர் குளூவால் ஒட்டி வைத்திருக்கிறார், பின்பக்கம் பார்த்து. பூமி பின்னாலதான் இருக்கிறது, அதால் சரியாகத்தான் வந்திருக்கிறது. மிராஜின் முக்கோணச் செட்டையும் இரண்டு ஏவுகணையும் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. எறியவும் மனமில்லை, ஒட்டவும் மனமில்லை.

அடுத்தது 'ரெண்டேவூ வித் ராமா'. 1973இல் வந்த கிளார்க்கின் நாவல். ராமா ஒரு உருளை, 50 கிலோமீற்றர் நீளம், 20 கிலோமீற்றர் விட்டம், நாலு நிமிடத்துக்கு ஒரு சுற்று. உள்ளே சுவரைச் சுற்றி வளையமாக ஒரு கடல், அகலம் 10 கிலோமீற்றர். ஒரு கரையில் 50 மீற்றர் மதில், மறு கரையில் 500 மீற்றர். இலட்சத்தில் ஒன்றாகக் குறைத்தால் 50 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் விட்டம். பெரிய மதில் 5 மில்லிமீற்றர், சின்ன மதில் அரை மில்லிமீற்றர். ஆளைக் காட்ட ஏலாது, தலைமயிரின் தடிப்பில் நாலில் ஒன்றுகூட வராது. உடல் என்னவோ சுகம். பிளாஸ்ரிக் குழாய் ஒன்று, எட்டு அங்குலம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். முழு நீளமாகத்தான் தருவார்களாம், 20 அடி. எனக்கு ஒன்றே முக்கால் அடி போதும் என்றேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணிக்கோ தம்பி, கழிவுக்கோ?"

"கடலுக்கு" என்றேன். வெட்டித் தர மாட்டேன் என்றுவிட்டார்.